கோட்டால் வந்த கோர்ட்டுக் கட்டணம்

பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும் வீட்டுக்காரியும் சுகம். பேசிக்கொள்ள ஆரம்பித்து இரண்டு நாள் ஆகிறது.

சித்தப்பா தன் தையற்கடையை உனக்கு எழுதிவைத்து, உயிலை நிறைவேற்றும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டுப் போய் எட்டு மாதம் ஆயிற்று. "சாவி எப்படா வரும்?" என்று நீ போனில் கேட்டபோதெல்லாம் லைன் சரியில்லை என்று வைத்தேனே, லைன் நன்றாகத்தான் இருந்தது. சொத்துக் கணக்கைக் கொடுத்து, அதற்கான நீதிமன்றக் கட்டணத்தைக் கட்டி, இவ்வளவுதான் சொத்து என்று சத்தியம் செய்து கையெழுத்தும் போட்டாயிற்று. உயில் செல்லும் என்ற கோர்ட்டு உத்தரவு வரவேண்டியதுதான் பாக்கி. அப்போது பார்த்து, கடையில் தொங்கிய சித்தப்பாவின் பழைய கோட்டை எடுத்து உதறினேன், உள்பையிலிருந்து வங்கி டெபாசிட் ரசீது ஒன்று விழுந்தது. பெரிய தொகை! சொத்து கூடினால் கட்டணமும் கூடும், அப்படியானால் நான் கட்டியது குறைவு. "பேசாம கோட்டுலயே திருப்பி வச்சிடுங்க, யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள் வீட்டுக்காரி. அக்கா, முப்பத்திரண்டு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான். மீசை முளைத்த பிள்ளைக்கு அரை டிக்கெட் எடுத்தவர்களிடமெல்லாம் மீதியை வசூலித்தவன். நானே அரை டிக்கெட்டில் போவதா? அதைச் சொன்னதிலிருந்துதான் வீட்டில் பேச்சு நின்றது.

வக்கீலிடம் ஓடினேன். "ஜெயிலா சார்?" "மறைச்சாத்தான் தப்பு. நீங்களே வந்து சொன்னா அது திருத்தம்" என்றார். புதுக் கணக்கு, புதுப் பிரமாணப் பத்திரம், வித்தியாசத் தொகை. தொகையை என் பென்ஷனிலிருந்து போட்டேன், வீட்டுக்காரியிடம் மூச்சு விடாதே. கட்டணக் கவுண்டரில் இருந்த அம்மாவிடம், "குறைச்சுக் கட்டிட்டேன், மீதிய வாங்கிக்கோங்க" என்றதும் அவர் பேனாவை மூடிவிட்டார். "யாரு உங்களப் பிடிச்சாங்க?" "யாரும் பிடிக்கலம்மா, நானேதான் பிடிச்சேன்." பக்கத்து மேசைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டு என்னைக் காட்டினார். ஒருவர் நாற்காலி போட்டார். நீதிபதி மனுவைப் படித்துவிட்டு, "அந்தக் கோட்டு இதுதானா?" என்று கேட்டார். ஆமாம் அக்கா, சாட்சிக்கு இருக்கட்டுமென்று போட்டுக்கொண்டு போயிருந்தேன், கோட்டின் கை என் முழங்கையோடு நின்றுவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள், நீதிபதியும்தான். சிரித்தபடியே உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை சாவியோடு வருகிறேன். வாடகை அறையில் வெளிச்சத்துக்காக உன் பழைய தையல் மெஷினை நீ ஜன்னலுக்கு ஜன்னல் இழுத்தது போதும். ரசீதுப் பணத்தில் உனக்குப் புது மெஷினே வாங்கிவிடலாம். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு எங்கள் இருவரின் ஆசி, சேர்ந்தே சொல்கிறோம்.

உன் தம்பி

பி.கு.: கவரை ஒட்டுமுன் வங்கிக்குப் போய்வந்தேன். அது வெறும் நகல் ரசீதாம். பதினோரு வருஷத்துக்கு முன்பே அசலைக் கொடுத்துச் சித்தப்பா பணத்தை எடுத்து, அதில்தான் அந்தக் கடையையே வாங்கியிருக்கிறார். ஆக நான் முதலில் கட்டியதே சரி. கவுண்டர் அம்மாவிடம் போய் நின்றேன். "கவலப்படாதீங்க, கூடக் கட்டினதத் திருப்பி வாங்கவும் மனு இருக்கு" என்கிறார். புது மெஷின் இல்லை அக்கா, கடை இருக்கிறது. திங்கள் காலை மனு, மாலை சாவி.