கழட்டி சார் மிச்சம் வைத்த திருகாணி

வேலூருக்கும் ஆம்பூருக்கும் இடையில் மனிதன் முடுக்கி வைத்த எதையும் கழட்டி சார் கழற்றாமல் விட்டதில்லை. எங்கள் ஷூ தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவு என்பது அவர் ஒருவர்தான். மின்விசிறி, தொலைபேசி, நிர்வாக அதிகாரியான நான் அமர்ந்திருந்த நாற்காலி என எல்லாமே அவருடைய திருப்புளியின் முன் சமம். சும்மா இருக்க அவருக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தின்போதும் முன்பெஞ்சின் திருகாணியை விரல்நகத்தால் சோதித்துக்கொண்டிருப்பார்.

புது நூற்றாண்டு பிறந்த சமயம். அக்கம்பக்கத்துத் தொழிற்சாலைகள் எல்லா வேலைக்கும் சேர்த்து ஒரே மென்பொருளை வாங்கின. இவரோ கட்டிங், தையல், பேக்கிங், லேபிள் என்று தனித்தனித் துண்டுகளாக எழுதினார். ஒவ்வொன்றும் அடுத்ததற்கு ஒரே அமைப்பிலான சீட்டை நீட்டும். அதன் உள்விவகாரம் மற்றதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை.

"இன்னாய்யா, ஒரு வருஷமா துண்டு துண்டா வெட்டிக்கினே இருக்க?" என்றார் முதலாளி.

"சோல் தேஞ்சா சோலைத்தான் மாத்துறோம் மொதலாளி. மேல்தோலையுமா கிழிச்சுப் போடுறோம்?"

ஒருநாள் காலை வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்து ஃபேக்ஸ் வந்தது. பெட்டி லேபிளில் அளவுகள் புது முறையில், பார்கோடுடன் இருக்கவேண்டும். இல்லையேல் சரக்கு வேண்டாம். கன்டெய்னரோ அன்று மாலை ஆறு மணிக்குப் புறப்பட வேண்டியது.

"ஆறுக்கு வண்டி கெளம்பலன்னா, ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கினு நீ கெளம்பு!" என்றார் முதலாளி.

கழட்டி சார் லேபிள் துண்டை மட்டும் உருவினார். புதியதை எழுதிச் செருகினார். கட்டிங்கும் தையலும் எதையும் அறியாமல் ஓடிக்கொண்டிருந்தன. பதினோரு மணிக்கெல்லாம் வேலை முடிந்தது.

"சபாஷ்! பிரின்ட் எடு," என்றார் முதலாளி.

கழட்டி சார் திருப்புளியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"இன்னா?"

"பிரின்டரை... தொடைக்கலாம்னு காலையில கழட்டிட்டேன் மொதலாளி."

மேசைக்கடியில், விரித்த செய்தித்தாளின் மேல், பிரின்டர் நூற்றுச்சொச்சம் உறுப்புகளாகப் படுத்திருந்தது.

மூவரும் மண்டியிட்டோம். இரண்டு பட்டங்கள் பெற்ற நான் ஒரு ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முதலாளி டார்ச் அடித்தார். ஒரு மணிக்கு அது இருமி, முதல் லேபிளைத் துப்பியது. பேக்கிங் பெண்கள் ஒட்டி முடிக்க, வண்டி ஆறு மணிக்குக் கிளம்பியது. கழட்டி சார் கிளம்பவில்லை.

"சார், ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருக்குதே?" என்றேன்.

"அது கம்பெனிக்காரன் ஜாஸ்தியா போட்டது சார். நீங்க வெச்சிக்குங்க."

மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

போன மாதம் கல்லறைத் தோட்டத்தில், கழட்டி சாரின் சவப்பெட்டி மூடியை முடுக்கியவர் நிமிர்ந்து, "ஒரு ஸ்க்ரூ கம்மியா இருக்குதே, யார்கிட்டயாவது இருக்குதா?" என்றார்.

அந்தத் திருகாணியோடு கண்ணாடிக் கூடு என் சட்டைப் பையில்தான் இருந்தது. நான் வாய் திறக்கவில்லை.