பிரசங்க பீடத்துச் சாவி

தேவ கிருபையால் சுகமாகவும் என்மேல் கோபமாகவும் இருக்கும் தங்கைக்கு, சபைச் செயலாளரான உன் அண்ணன் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம், என் மானத்தைத் தவிர.

நம் ஆலயத்தைக் கட்டிய வெள்ளைக்காரத் துரையின் நாட்டிலிருந்து ஆண்டு விழாவுக்குப் பேராயர் வருகிறார் என்றதும் நாங்கள் ஆடிய ஆட்டம் கொஞ்சமல்ல. பெஞ்சுக்கெல்லாம் வார்னிஷ் அடித்தோம், அது காய்வதற்குள் பாடகர் குழு உட்கார்ந்து ஒத்திகை பார்த்து, வெள்ளை அங்கிகளின் பின்புறமெல்லாம் பழுப்பாகிவிட்டது. காரிலிருந்து இறங்கிய உயரமான மனிதரிடம் பூச்செண்டைக் கொடுத்து வரவேற்புரையில் பாதியை முடித்துவிட்டேன். அவர் பாவம், பெட்டி தூக்கிவந்த கணவர். பேராயர், பக்கத்தில் நின்ற அம்மாதான்.

பெண்கள் பிரசங்க பீடத்தில் ஏறக்கூடாது, துரை வைத்த சட்டம், வேதத்தில் பவுலே சொல்லியிருக்கிறார் என்று, இறையியல் படித்துப் பட்டம் வாங்கி வந்த உன்னைப் பீடத்துப் படிக்கட்டுக் கதவைப் பூட்டிக் கீழேயே நிறுத்தியவன் நான். அதே நான் கதவைத் திறந்து, “பார்த்து ஏறுங்கம்மா” என்று அந்த அம்மாவுக்குக் கை கொடுத்தேன். கமிட்டியில் ஒருத்தரும் தடுக்கவில்லை. பவுலும் அன்றைக்கு லீவு போலிருக்கிறது.

மொழிபெயர்ப்பும் நான்தான். உயிர்த்தெழுந்தவரை முதலில் கண்டது பெண்கள், ஓடிப்போய்ச் சொன்னதும் அவர்கள், நம்பாமல் உட்கார்ந்திருந்தது ஆண்கள் என்றார். வார்த்தைக்கு வார்த்தை நீ சொன்னது. நீ சொன்னபோது, ‘இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்ப் பெண்ணியம், நமக்கு ஆகாது’ என்றேனே, வெள்ளைக்காரி வந்து சொன்னதும் அதே வாயால் ஆமென் போட்டேன்.

கடைசியில், இந்தச் சபையில் பிரசங்கம் செய்யும் பெண்கள் எங்கே என்று கேட்டார். அதை நான் “உங்க பாட்டு ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொல்றாங்க” என்று மொழிபெயர்த்தேன். பாடகர் குழு பீடத்தைப் பார்த்து எழுந்து வணங்கியது. பழுப்புப் பின்புறங்களைச் சபை முழுக்கப் பார்த்தது. உன் அண்ணி பள்ளிக்கூடத்தில் அந்தப் பாஷையைத்தானே சொல்லிக்கொடுக்கிறாள், எழுந்துவிட்டாள்.

“அவங்க அதைச் சொல்லல. பிரசங்கம் பண்ற பொம்பளைங்க எங்கன்னு கேக்குறாங்க. பதிலை நீங்களே சொல்லுங்க, சாவி உங்ககிட்டதானே இருக்கு?”

சபை சிரித்தது. எனக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை, தங்கச்சி, இன்னும் நிமிரவில்லை. துரை கப்பலேறிப் போய் எத்தனையோ காலமாகிறது, நான் இன்னும் சம்பளமில்லாமல் அவர் கதவைக் காத்துக்கொண்டிருக்கிறேன், அதுவும் கூடப்பிறந்தவளிடமிருந்து. அடுத்த ஞாயிறு நீ வா. கமிட்டி என்ன சொன்னாலும் சரி, கதவை நானே திறக்கிறேன்.

மாப்பிள்ளைக்கு என் ஸ்தோத்திரம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உனக்கு ஆசீர்வாதம் சொல்ல இப்போதைக்கு எனக்கு யோக்கியதை இல்லை.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் கமிட்டி கூடிவிட்டது. பெண்கள் பீடம் ஏறலாம், வெளிநாட்டு விருந்தாளியாக இருந்தால் மட்டும் என்று தீர்மானம். எல்லாரும் கை தூக்கினார்கள். பழக்க தோஷம், என் கையும் உயர்ந்துவிட்டது. ஆகவே நீ வரவேண்டாம். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஆணியில் சாவியைக் காணோம். அண்ணியைக் கேட்டேன். “உங்க தங்கச்சிக்கு நேத்தே அனுப்பிட்டேன்” என்கிறாள். கமிட்டி கேட்டால் தொலைந்துவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன். பூட்டுக்கு மட்டும் எண்ணெய் விட்டு வைக்கிறேன்.