கடைசி வரி வரைக்கும்

திருத்தணியில் யாருக்கு வேண்டுமானாலும் கண் மங்கலாம், தனக்கு மட்டும் மங்கக் கூடாது என்பது லுங்கிக் கடை கோதண்டபாணியின் தீர்மானம். காரணம் இருந்தது. அவர் ஊர்ச் சேவைச் சங்கத்தின் செயலாளர். வருஷா வருஷம் இலவசக் கண் முகாம் நடத்துகிறவர். மைக்கைப் பிடித்தால், "கண்ணுல புரை இருந்தா வெக்கப்படாதீங்க, பயப்படாதீங்க" என்று பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். ஊராரின் வெட்கத்தையும் பயத்தையும் வாங்கித் தானே வைத்துக்கொண்டாரோ என்னவோ.

அதே சங்கம் அரக்கோணத்தில் இளைஞர்களுக்கு ரயில்வே தேர்வு வகுப்பும் நடத்தியது. மகள் பானுப்ரியா அதில் படித்தாள். சாயங்காலம் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டு, இருட்டியதும் அழைத்து வருவது அப்பாவின் வேலை. போன வாரம் திரும்பி வரும்போது ஓரமாக நின்ற டிராக்டர் ஒன்று அவர் கண்ணில் படவில்லை. "நைனா" என்று பானு கத்தியதால் தப்பினார்கள்.

பார்த்தவர்கள் யாரோ சொல்லி, மனைவி கமலாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"கண்ணக் காட்டிக்கினா என்னாங்க?"

"என் கண்ணுக்கு என்னா? கழுகுக் கண்ணு."

"கழுகு டிராக்டர் மேல உக்காரும். மோதாது."

"அவன் லைட்டு போடல கமலா."

"சரி. ஞாயித்துக்கெழம உங்க கேம்ப்புதானே? எழுத்து அட்டையக் கடைசி வரி வரைக்கும் படிங்க. படிச்சிட்டா நான் இனிமே வாயத் தொறக்கல. படிக்கலன்னா வண்டிச் சாவி என் கைக்கு வரணும்."

"பேச்சு மாற மாட்டியே?"

"தணிகை மலை மேல சத்தியம்."

அவர் உடனே ஒப்புக்கொண்டார். முகாமுக்கான எழுத்து அட்டை செயலாளர் வீட்டு பீரோ மேல்தான் சுருண்டு கிடந்தது. கமலா தண்ணீர் பிடிக்கப் போகும்போதெல்லாம் அதை மூக்கில் ஒட்ட வைத்து மனப்பாடம் செய்தார். பத்தாம் வகுப்பில் இப்படிப் படித்திருந்தால் கலெக்டர் ஆகியிருப்பார். குளிக்கும்போதும் வாய் ஓயவில்லை.

"ட, ப, ம, ய... க, ர, வ, ந..."

"என்னா மந்திரங்க அது?" என்று கமலா வெளியிலிருந்து கேட்டாள்.

"முருகனுக்கு."

"ஆங். நல்லா சொல்லுங்க. அவருக்குப் பன்னெண்டு கண்ணு. ரெண்டு குடுத்தாலும் குடுப்பாரு."

ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. பொதட்டூர்பேட்டை நெசவாளர்கள் ஒரு பக்கம், நகரியிலிருந்து வந்த தெலுங்குக்காரர்கள் ஒரு பக்கம். கமலா எல்லோருக்கும் மோர் கொடுத்துக்கொண்டிருந்தாள். கண் சோதிக்கும் பெண் துர்கா, "அடுத்தது நீங்க சார்" என்றாள்.

கோதண்டபாணி கம்பீரமாக உட்கார்ந்து ஒரு கண்ணை மூடினார். எதிரே வெள்ளையில் நாலைந்து கறுப்பு ஜாங்கிரிகள் மிதந்தன. அவருக்கென்ன கவலை?

"ட" என்று ஆரம்பித்தார். "ப, ம, ய." மூச்சு விடாமல் கடைசி வரிக்குப் போய், "ள, ற, ன. போதுமாம்மா?" என்று முடித்தார்.

கைதட்டல் வரவில்லை. துர்கா தரையைப் பார்த்தாள். வரிசையில் நின்ற நகரிக்காரர் ஒருவர்தான் மனம் பொறுக்காமல் சொன்னார்:

"அப்டி ஒரு எழுத்துகூட இல்லையே நைனா. அது எங்க தெலுங்காச்சே."

எல்லை ஊர் அட்டைக்கு இரண்டு பக்கம். ஒன்றில் தமிழ், ஒன்றில் தெலுங்கு. அது செயலாளருக்கும் தெரியும். தெரிந்ததெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறதா?

"நீ திருப்பினியா கமலா?"

"ஆங். மந்திரத்தத் தமிழ்ல மட்டும்தானே படிச்சீங்க" என்று கமலா மோரை நீட்டினாள்.

துர்கா டார்ச் அடித்துப் பார்த்தாள். "ரெண்டு கண்ணுலயும் புரைங்க சார். ஆபரேஷன் பண்ணிக்கினா நல்லா தெரியும்."

"கண் முகாம் நடத்துறவனுக்கே புரைன்னா சிரிக்க மாட்டாங்களாம்மா?"

"நடத்துறவங்களுக்கும் கண்ணு இருக்குதுங்களே சார்."

அவர் ஓரத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தார். கமலாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பானு உன்கிட்ட சொல்லிச்சா?"

"எதுவும் சொல்லல. அன்னியிலர்ந்து வண்டில ஏறுறதுக்கு முன்ன வந்து என் கைய ஒருவாட்டி புடிச்சிட்டுப் போறா."

அவர் மோரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "அந்த டிராக்டர்காரன் லைட்டு போட்டுக்கினுதான் இருந்தான் கமலா."

"தெரியுங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். வைத்த பிறகும், தோற்ற மனிதருக்கு ஒரு கடைசி ஆசை எழுந்தது.

"சாவிய வாங்கிட்ட. ஆபரேஷன் ஆயி நான் தேறுற வரைக்கும் பானு கிளாசுக்கு எப்டிப் போவா?"

"நான் இட்டுகினு போறேன்."

"உனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

"பக்கத்து ஊட்டு ரஞ்சிதம் வண்டில கத்துக்கினேன். லைசென்சும் வந்துடுச்சி."

"எனக்குத் தெரியாம எங்க கத்துக்கின?"

"நம்ம கடைக்கு எதுத்த மைதானத்துலதாங்க. நீங்க கல்லாவுல உக்காந்து பாத்துக்கினுதான் இருந்தீங்க. ஒருநாள், 'யாரும்மா அது, ஊட்ல சொல்லிட்டு வந்தியா'ன்னுகூட கேட்டீங்க."