எட்டடி ஆறங்குலத்தில் ஒன்றரை நூல் கம்மி

வாசல் கேட் தரையை உரசிக்கொண்டு மூடவே மாட்டேன் என்றது. நாலு பக்கமும் ஆறடி மரச்சட்டம். மூலைக்கு மூலை ஒரு தோல் வார் இழுத்து அடித்தால் நிமிர்ந்துவிடும் என்றார் ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் டேனரியின் மேஸ்திரி செங்கல்வராயன். அளவுதான் உதைத்தது.

ஆறடி வார் வெட்டினார். எட்டவில்லை. இன்னொரு ஆறடியை ஒட்டுப்போட்டார். வார் ஊஞ்சலாகத் தொங்க, கேட் இன்னும் சரிந்தது. பக்கத்து வீட்டு ஆடு உள்ளே புகுந்து, மனைவி கங்கம்மாளின் கீரைப் பாத்தியை முடித்துவிட்டுப் போனது.

"எட்டடி ஆறங்குலம், அதுல ஒன்றரை நூல் கம்மி, நைனா" என்றாள் மகள் பூரணி, அங்குலத்துக்கு எட்டு நூல் என்ற கணக்கில்.

"அளக்காமயே சொல்றியா?"

"சதுரத்த மூலைக்கு மூலை வெட்டினா ரெண்டு பக்கமும் சமமா, செங்கோண முக்கோணம் வரும். பக்கத்த ரூட் டூவால பெருக்கினா மூலைக்கோடு. கைக்குட்டையா இருந்தாலும் சரி, காவேரிப்பாக்கம் ஏரி அளவு சதுரமா இருந்தாலும் சரி, அதே கணக்குதான்."

சொல்லும்போதே அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. எப்போது நினைத்தாலும் அப்படித்தான்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவளுக்குக் குடியாத்தத்தில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலூர் காலேஜ் என்று அவள் வாயெடுத்தாலே செங்கல்வராயன் எழுந்து போய்விடுவார்.

"சரி. உன் அளவு நின்னா காலேஜ். தப்பினா கல்யாணம். அப்புறம் பேஜார் பண்ணக்கூடாது."

அவரே டேனரிக்குப் போய்ப் புது வார் கொண்டுவந்து, அவள் சொன்னபடி வெட்டி அடித்தார். மயிரிழை பிசகவில்லை. கேட் நிமிர்ந்து நின்றது.

மனுஷன் கயிற்றை எடுத்துக்கொண்டு ஜன்னலை அளந்தார், கடப்பைக் கல்லை அளந்தார், சதுரமாகக் கண்ணில் பட்டதையெல்லாம் அளந்தார். எல்லாம் மகள் சொன்னபடியே வந்தது.

"இன்னாம்மா இது, எல்லாத்துக்குள்ளயும் ஒரே ஆள் உக்காந்துக்கினு இருக்கான்" என்றார். அவர் கண் கலங்கியதைப் பெருமை என்றே நினைத்தாள் பூரணி.

மாலை வெயில் தாழ்வதற்குள் வார் விறைத்து, மூலைகளை இழுத்து, கேட் கோணிக்கொண்டு இறுகிவிட்டது. தண்ணீர்க் குடத்தோடு கங்கம்மாள் தெருவிலேயே மாட்டிக்கொண்டு கத்தினாள்.

"கணக்கு தப்பிடுச்சும்மா" என்றார் செங்கல்வராயன், தரையைப் பார்த்தபடி.

பூரணி மண்ணில் குச்சியால் மறுபடி போட்டுப் பார்த்தாள். அதே விடை. தப்பாத ஒன்று எப்படித் தப்பும்?

டேனரியிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த வேலு, கேட்டை நெம்பித் திறந்து கங்கம்மாளை உள்ளே விட்டான். பிறகு வாரைத் தட்டிப் பார்த்தான்.

"இன்னா மேஸ்திரி, ஊறின வாரு காஞ்சா சுருங்கும்னு எங்களுக்கெல்லாம் சொல்லிக்குடுத்ததே நீங்கதான, காலைல நான் காஞ்ச வார நீட்டினப்போ 'ஈரந்தான்டா வேணும்'னு கேட்டு வாங்கிக்கினு வந்தீங்களே?"