வேனுக்கு சாம்பிராணி போட்ட கதை

அன்னைக்குக் காலையில எனக்கு ஒரே வேலைதான். வேன் கண்ணாடியத் துடைக்கணும்.

ஸ்கூல் வேனா ஓடினதுல சீட்டெல்லாம் கழட்டி, கட்டில் அடிச்சு, மெத்தை போட்டு, படுத்துத் தூங்குற வேனா நானே மாத்தியிருந்தேன். முதல் பயணம் ஹுன்னஸ்கிரிய மலைக்கு. நானும் என் வீட்டுக்காரி செல்வியும். அடைமழை.

விடிஞ்சு பாத்தா கண்ணாடியெல்லாம் வேர்த்து வழியுது. கூரையில இருந்து ஒரு துளி சரியா செல்வி மூக்குல விழுந்துச்சு.

"ஏங்க, மழை வெளியதானே? உள்ளயுமா?"

"இது மழை இல்ல புள்ள, சும்மா ஈரம்."

"மத்தியானத்துக்குள்ள காயணும். காயலைன்னா வீட்டுக்குப் போனதும் கட்டில கழட்டிட்டு பழையபடி சீட்ட மாட்டுறீங்க. சொல்லிட்டேன்!"

மூணு மாசமா ஆசை ஆசையா அடிச்ச கட்டில்!

துண்டால துடைச்சேன். திரும்ப வேர்த்துச்சு. மாத்திக் கட்ட வச்சிருந்த சாரத்தால துடைச்சேன். அப்பவும் வேர்த்துச்சு. மழைத்தண்ணிதான் எங்கயோ உள்ள வருதுன்னு முடிவு பண்ணி, ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டி அடைச்சேன். களைப்புக்கு உள்ளயே அடுப்பப் பத்தவச்சு ஒரு பிளேன்டீயும் ஊத்தினேன். இப்ப சுவரும் வேர்த்துச்சு!

காஞ்ச துணி கேக்கலாம்னு பக்கத்துல தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குப் போனேன். அங்க ஒரு அக்கா கைப்புள்ளையக் குளிப்பாட்டி, தலைக்கு சாம்பிராணிப் புகை காட்டிக்கிட்டு இருந்தாங்க. புள்ள தலை நிமிசத்துல காஞ்சுருச்சு.

எனக்கு மூளை வேலை செஞ்சுச்சு. செஞ்சிருக்கக் கூடாது.

"அக்கா, அந்தச் சட்டியக் கொஞ்சம் தர்றீங்களா?"

"ஒங்களுக்கும் கைப்புள்ளையா தம்பி?"

"இல்லக்கா, வேனுக்கு."

அக்கா என்னைய மேலயும் கீழயும் பாத்தாங்க. ஆனா தணல் நெறையப் போட்டுத்தான் குடுத்தாங்க, நல்ல மனுசி.

செல்வி மலைத்தண்ணி கொட்டுற பீலியில முகம் கழுவப் போயிருந்தா. சட்டிய ஒரு தகரத்து மேல வச்சு வேனுக்குள்ள இறக்கினேன். அக்கா கூடவே குடுத்த சாம்பிராணிப் பொட்டலத்த முழுசாக் கொட்டினேன். புகை வீணாப் போகக் கூடாதில்ல? கதவ இறுக்கிச் சாத்திட்டு, குடையோட வெளிய நின்னேன்.

கதவு பூட்டிக்கிச்சு. சாவி உள்ள.

கொஞ்ச நேரத்துல வேன் முழுக்க வெள்ளைப் புகை. ரோட்டுல போன ஒரு அண்ணன் நின்னு கத்தினார்.

"ஐயோ, வேன் பத்திக்கிச்சு! உள்ள யாரு?"

"யாருமில்லண்ணே! காய வச்சிருக்கேன்!"

என் பேச்ச யாரு கேட்டா? கொழுந்தெடுக்கப் போனவங்க எல்லாம் கூடையோட ஓடி வந்துட்டாங்க. அண்ணன் ஒரு கல்ல எடுத்து பின்பக்கத்து ஜன்னல ஒரே போடு! லயத்துல இருந்து வந்த ஆறு வாளித் தண்ணி அந்த வழியா உள்ள போச்சு. ஆறும் மெத்தை மேல!

செல்வி வந்து பாத்தா. என்னையப் பாத்தா, கட்டிலப் பாத்தா. எனக்கு அதுதான் பயமா இருந்துச்சு.

அண்ணன் உடைஞ்ச ஜன்னல்ல கைய விட்டுக் கதவத் திறந்து குடுத்தார். அக்காகிட்ட சட்டிய ஒப்படைச்சுட்டு, மெத்தையச் சுருட்டிக்கிட்டு, வத்தேகமயில இருக்குற எங்க வீட்டுக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் அந்த ஓட்டையில காத்து வந்துக்கிட்டே இருந்துச்சு. கட்டில எந்தப் பக்கம் இருந்து கழட்டத் தொடங்குறதுன்னு யோசிச்சுக்கிட்டே ஓட்டினேன்.

வீட்டு வாசல்ல நிறுத்தினதும் செல்வி மிச்சமிருந்த கண்ணாடிய எல்லாம் விரலால தடவிப் பாத்தா.

"ஏங்க, காத்து வந்ததும் பொட்டு ஈரம் இல்லையே! கட்டில் இருந்துட்டுப் போகட்டும். படுக்குறப்ப ஜன்னல ஒரு விரலளவு திறந்து வச்சாப் போதும்."

அந்த ஒரு விரல் இடுக்கக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழுக் கண்ணாடி செலவாச்சு.