செலக்‌ஷன் அண்ணா துப்பாக்கி எடுத்த கதை

பத்திரிகையில் எழுதுகிறவர்கள் எல்லாம் படித்தவர்கள். நான் பத்தாவதோடு நின்றவள். நாலு பேர் கூடிய இடத்தில் என் பெயரைக் கேட்டால்கூட, பக்கத்தில் இருப்பவர் சொல்லட்டுமே என்று சும்மா இருந்துவிடுவேன். இவள் எல்லாம் எழுத வந்துவிட்டாளே என்று நீங்கள் நினைத்தால் அது நியாயம்தான், மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் மல்காஜ்கிரியில் எங்கள் பக்கத்து வீட்டுச் செலக்‌ஷன் அண்ணாவைப் பற்றி வேறு யாரும் எழுதப் போவதாகத் தெரியவில்லை. அவரோடு ஒருமுறை கடைக்குப் போய்வந்தவர்களுக்குப் பேனா பிடிக்கிற தெம்பு இருப்பதில்லை.

ஹைதராபாத், சிகந்திராபாத் இரண்டையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் அவரைப் போல ஒரு பொருளைப் பார்த்து வாங்குகிற ஆள் கிடைக்கமாட்டார். நாச்சாரத்தில் ஒரு ஃபாக்டரியில் ஸ்டோர்ஸில் வேலை. வருகிற சரக்கைத் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, பிறகே உள்ளே விடுவார். அந்த வேலையை அவர் ஃபாக்டரி கேட்டோடு விட்டுவிட்டு வந்ததில்லை என்பதுதான் பிரச்சினை.

துடைப்பம் வாங்கப் போனால் கடையையே பெருக்கிப் பார்த்துத்தான் வாங்குவார். அவர் வருகிற வாரம் கடைக்காரர் பெருக்காமல் வைத்திருப்பார் என்று எங்கள் லைனில் பேச்சு. தலையணை வாங்கப் போன இடத்தில் படுத்துப் பார்த்தவர் தூங்கிவிட்டார். கடைக்காரர் போர்வை போர்த்திவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய் வந்தார். பட்டுப் புடவை என்றால் கடையின் லைட்டை நம்பவே மாட்டார். புடவையோடு வாசலுக்கு வந்து வெயிலில் பிடித்துப் பார்ப்பார். மேகமாக இருந்தால் மேகம் விலகும்வரை காத்திருப்பார். சேல்ஸ்மேனும் மறு முனையைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்து நிற்பார்.

"உங்களை மட்டும் எப்படி அண்ணி எடுத்தாரு?" என்று அவர் மனைவியை ஒருமுறை கேட்டேன்.

"பொண்ணு பாக்க வந்தன்னிக்குக் கரண்ட் போயிடுச்சி. அதான் தப்பிச்சேன்," என்றார் அண்ணி.

அவர்களுக்கு ஒரே மகள், சுதா. அவளுக்கு வந்த மாப்பிள்ளைகளை அண்ணா திருப்பி அனுப்பிய கதையைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஒருவருக்கு நடக்கும்போது இடது தோள் தாழ்ந்ததாம். இன்னொருவர் காபி டம்ளரை வைத்தபோது ரொம்பச் சத்தமாம். ஒருவரிடம் எந்தக் குறையும் கிடைக்கவில்லை. "எல்லாம் சரிதான், ஃபினிஷிங் பத்தல," என்று அனுப்பிவிட்டார்.

இப்படி இருக்கும்போது சுதா ஆபீசில் கூட வேலை பார்க்கும் கார்த்திக் பேச்சு வந்தது. கோயம்புத்தூர்ப் பையன், அம்மாவோடு குகட்பள்ளியில் இருக்கிறான். பஜ்ஜி, கேசரி வைத்துக்கொண்டு இன்னொரு தடவை கூடத்தில் உட்காரமாட்டேன் என்று சுதா சொல்லிவிட்டாள்.

"ஊருக்கு வெளியில பெயிண்ட்பால் கிரவுண்டு ஒண்ணு இருக்குப்பா. ரெண்டு குடும்பமும் அங்க வரட்டும். சாய உருண்டையால சுட்டுக்கிட்டு ஓடி விளையாடுவோம். யாரு எப்படின்னு தானா தெரிஞ்சிடும்."

"டெமோவா? ஹவ், அது சரிதான்," என்று அண்ணா உடனே ஒத்துக்கொண்டார். ஹவ் என்றால் எங்கள் ஊர் ஹிந்தியில் ஆமாம்.

கிளம்புவதற்கு முன் சுதா என் வீட்டுச் சமையலறைக்கு வந்து நின்றாள். "அத்தை, நீங்களும் வாங்க. இவரையும் அப்பா வேணாம்னுட்டா நான் வேற யாரையும் பாக்க மாட்டேன். அப்பா சம்மதம் இல்லாம பண்ணிக்கவும் மாட்டேன். இப்பிடியே இருந்துடுவேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை. நானும் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

கிரவுண்டில் கார்த்திக்கின் அம்மா எங்களுக்கு முன்பே வந்து, பட்டுப் புடவையை இழுத்துச் செருகி, அதன் மேல் மிலிட்டரிக் கலர் அங்கியும் மாட்டி நின்றார். "வாங்கண்ணா, வாங்க அண்ணி. வெயிலு வர்றதுக்குள்ள சுட்டுப் போட்டுரலாமுங்க," என்று வரவேற்றார். கார்த்திக் ஓரமாக உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த ஷூவை மாட்டிக்கொண்டிருந்தான்.

மற்றவர்கள் எல்லாம் கவுண்டரில் கொடுத்ததை வாங்கிக்கொண்டோம். அண்ணா வாங்குவாரா?

அங்கே அதைத் துப்பாக்கி என்று சொல்லக்கூடாதாம், மார்க்கர் என்று சொல்லவேண்டுமாம். சாதாரண மார்க்கருக்குத் தலையில் ஒரு டப்பா இருக்கும். உருண்டைகளை அதில் கொட்டி வைப்பார்கள். அண்ணா அதைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். "கைக்கு இப்படிப் பப்பாளியைத் தலையில வச்ச மாதிரி இருக்கு? நக்கோ. வேற காட்டுங்க." அதே ஹிந்தியில் கைக்கு என்றால் ஏன், நக்கோ என்றால் வேண்டாம்.

பின்னால் சுவரில் ஒன்று தொங்கியது. கறுப்பாக, நீளமாக, மேலே குழாய் வைத்த கண்ணாடியோடு, கீழே வளைந்த மேகசினோடு, எல்லைக் காவலில் நிற்கிறவர்கள் வைத்திருப்பதைப் போலவே இருந்தது. கவுண்டர்காரர் கும்பிடாத குறையாகச் சொன்னார். அது நிறையப் பழகினவர்களுக்கானது, கனம் அதிகம், மேகசினில் கொஞ்சம் உருண்டைகள்தான் பிடிக்கும், முகமூடி போட்டுக்கொண்டு அந்தக் கண்ணாடியில் கண்ணை வைக்கவும் முடியாது. அண்ணா கேட்டதாகவே தெரியவில்லை. அதை இறக்கச் சொல்லி, தட்டினார். முகர்ந்தார். கைக்குழந்தையை வாங்குவதைப் போல இரண்டு கையிலும் வாங்கி எடை பார்த்தார். குழலில் ஊதினார்.

"இதே லாட்ல வேற பீஸ் இருக்கா?"

"ஒகட்டே உந்தி அங்கிள்," என்றார் கவுண்டர்காரர், ஒரே ஒரு விரலைக் காட்டி.

"இதுக்குக் கவர் வரும்ல?"

"கார்த்திக் பொறுமையை அப்பா டெஸ்ட் பண்றாரா, இல்ல என் பொறுமையையா?" என்று சுதா என் காதில் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு காலேஜ் கூட்டம் கவுண்டரை மொய்த்தது. நாங்கள் முகமூடியைச் சரிசெய்துகொண்டு திரும்பினோம். அண்ணாவைக் காணோம். சுவரில் தொங்கியதையும் காணோம்.

அண்ணிக்குத்தான் முதலில் புரிந்தது. "ஐயையோ, கலர் பாக்கப் போயிட்டாரு!"

ஓடினோம். கேட்டுக்கு வெளியே மெயின் ரோடு. அண்ணா ரோட்டோரத்தில் நின்று அந்தத் துப்பாக்கியை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். குழல் நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்தார். அந்தக் குறிக்கு நேராக வந்த ஷேர் ஆட்டோ நின்றது. உள்ளே இருந்தவர்கள் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் ஓடினார்கள். எதிரே கரும்பு ஜூஸ் வண்டிக்காரர் ஒரு கையில் கரும்போடு இரண்டு கையையும் தூக்கி நின்றார். அண்ணா அவரிடம்தான் அபிப்பிராயம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லா பாத்துச் சொல்லுங்க பாய். இது சுத்தக் கறுப்பா, இல்ல லேசா பச்சை அடிக்குதா?" என்று ஹிந்தியில்.

"ஆப் ஜோ போலே வஹீச் கலர், சாப்," என்றார் அவர். நீங்கள் சொல்வதுதான் கலர் என்று அர்த்தம். வேறு என்ன சொல்வார்?

போலீஸ் வண்டி வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். மூத்தவர் தூரத்திலிருந்தே கத்தினார். "க்யா ஜி! ரோட் பே பந்தூக் லேகே கைக்கு கடே?" ரோட்டில் துப்பாக்கியோடு ஏன் நிற்கிறீர்கள் என்று அர்த்தம்.

"இன்னும் எடுக்கல சாப். சும்மா பாத்துட்டிருக்கேன்," என்று அண்ணா ஹிந்தியில் உண்மையைச் சொன்னார்.

"நீச்சே ரக்கோ!" கீழே வை என்று அவர் கத்தினார்.

"நக்கோ சாப், ஸ்க்ராட்ச் ஆயிடும்."

அந்தப் போலீஸ்காரர் தன் வாழ்க்கையில் இப்படி ஒரு பதிலைக் கேட்டிருக்கமாட்டார். அவர் கை இடுப்புக்குப் போயிற்று. அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அப்போது எங்களைத் தாண்டி ஒருவன் ஓடினான். கார்த்திக்தான். ஒரு காலில் ஷூ, ஒரு காலில் வெறும் சாக்ஸ். போலீசுக்கும் அண்ணாவுக்கும் நடுவில் போய்க் கையை விரித்து நின்றான்.

"சாப், சாப், இது விளையாட்டுத் துப்பாக்கி! உள்ளே ஒண்ணும் இல்ல. இவரு எனக்கு வேணும்கிறவரு!" எல்லாம் ஹிந்தியில்தான், பயத்தில் நடுநடுவே கோயம்புத்தூரும் வந்தது.

"வேணும்கிறவர்னா? யார் உனக்கு?"

கார்த்திக் ஒருமுறை சுதாவைத் திரும்பிப் பார்த்தான். "மாமனார், சாப்."

போலீஸ்காரர் அவனை விட்டுவிட்டு அண்ணாவைப் பார்த்துக் கேட்டார். "உண்மையா? இந்தப் பையன் உங்க மாப்பிள்ளையா?"

ஜூஸ் வண்டிக்காரர்கூடக் கையைத் தூக்கியபடியே எட்டிப் பார்த்தார். சுதா என் கையைப் பிடித்திருந்தாள். வளையல் உடைந்துவிடும் போல அழுத்தினாள். துடைப்பத்துக்கே அரை நாள் எடுத்துக்கொள்ளும் மனிதர், அங்கே நின்றுகொண்டும் பையனை மேலும் கீழும் பார்த்தார். சாக்ஸைப் பார்த்தார். தோளைப் பார்த்தார். விரித்த கைகள் நடுங்குவதையும், நடுங்கினாலும் கீழே இறங்காமல் இருப்பதையும் பார்த்தார். வெயில் நேராகக் கார்த்திக் முகத்தில் விழுந்தது.

"அப்பா!" என்றாள் சுதா.

"ஹவ் சாப்," என்றார் அண்ணா. "ஹமாராச் ஹை." எங்கள் பையன்தான் என்றார்.

அண்ணி அங்கேயே மைல் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். கவுண்டர்காரர் ஓடிவந்து எல்லாவற்றையும் விளக்கினார். போலீஸ்காரர் மார்க்கரை வாங்கித் தட்டிப் பார்த்து, அண்ணாவுக்கு நீளமாக ஒரு திட்டுக் கொடுத்து, இனிமேல் இதை மூடாமல் வெளியே கொண்டுவரக்கூடாது என்று எல்லோரையும் எச்சரித்துவிட்டுப் போனார்.

இவ்வளவுக்குப் பிறகும் அண்ணா விளையாட அதையேதான் எடுத்தார். கவுண்டர்காரர் தர மறுத்தார். சுதா கெஞ்சியதால் கொடுத்தார். அண்ணாவும் சுதாவும் அண்ணியும் ஒரு பக்கம். கார்த்திக், அவன் அம்மா, நான் மறுபக்கம். விசில் ஊதியதும் நான் ஒரு டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்தவள், கடைசி வரை எழுந்திருக்கவில்லை. அங்கிருந்து எல்லாம் நன்றாகத் தெரிந்தது.

அண்ணா மேகசினில் இருந்ததை எல்லாம் டெஸ்டுக்கே தீர்த்தார். டயரில் ஒன்று, மூங்கில் தட்டியில் ஒன்று, மணல் மூட்டையில் ஒன்று என்று சுட்டு, ஒவ்வொன்றும் ஒரே அளவுக்குத் தெறிக்கிறதா என்று கிட்டப் போய்ப் பார்த்தார். பார்க்கக் குனிந்தபோதெல்லாம் கார்த்திக்கின் அம்மா அவர் முதுகில் சுட்டார். "மன்னிச்சுக்கோங்கண்ணா," என்று ஒவ்வொரு தடவையும் மரியாதையாகச் சொல்லிவிட்டுத்தான் சுட்டார்.

கடைசியில் கார்த்திக் ஒரு மூலையில் மாட்டிக்கொண்டான். அவனிடம் உருண்டை தீர்ந்துவிட்டது. அண்ணாவிடம் ஒன்றுதான் மிச்சம். பத்தடி தூரம்கூட இல்லை. "சுடுங்கப்பா!" என்று சுதாவே கத்தினாள். கார்த்திக் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். அண்ணா குறி பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மார்க்கரைத் தாழ்த்திவிட்டார்.

"என்னப்பா ஆச்சு?"

"எடுத்தாச்சும்மா. எடுத்த பொருளை நாமளே டேமேஜ் பண்ணுவமா?"

அதற்குள் பின்னாலிருந்து இன்னொரு உருண்டை அவர் கழுத்தில் வந்து தெறித்தது. "மன்னிச்சுக்கோங்க, சம்பந்தி," என்றது குரல்.

முதுகு முழுக்கப் பச்சைச் சாயத்தோடு அவர் சிரித்துக்கொண்டே வெளியே நடந்து வந்தார். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் இல்லையே என்று இத்தனை வருஷம் குறைப்பட்டது வீண் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

மறுநாள் திங்கட்கிழமை. அண்ணி குகட்பள்ளிக்குப் போன் செய்து சம்மதம் சொன்னார். அண்ணா முதுகு வலி என்று லீவு போட்டார்.