ஆறாம் நம்பர் டிக்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். போன வாரம் எழுதியிருந்தால் இந்த வரியை எழுதக் கை வந்திருக்காது.

நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் கொஞ்ச நாளாக எதைத் திறந்தாலும் ஒரு வட்டம் சுற்றும். நான் பாத்திரமெல்லாம் தேய்த்துவிட்டு வந்து பார்த்தாலும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், சரி போகட்டும் என்று இருந்தோம், ஆனால் பெரியவளுக்கு மருந்துக் கம்பெனி நேர்காணல் அதிலேயே என்று வந்ததே, அன்றைக்கு வட்டம் நிற்பதற்குள் அந்தப் பக்கம் இருந்தவர்கள் எழுந்தே போய்விட்டார்கள். பாவம், புதுச் சட்டை போட்டுக்கொண்டு வட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தாள். கெஞ்சி மெயில் போட்டதில், வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை பார்க்கிறோம் என்றார்கள்.

உன் அத்தான் களத்தில் இறங்கினார். ஆயுசு பூராவும் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர் இல்லையா, திருப்புளி இல்லாமல் எதன் பக்கத்திலும் போகமாட்டார். ரூட்டரைக் கழற்றித் துடைத்து அலமாரி உச்சியில் ஏற்றினார், பலனில்லை என்றதும், கரண்டை இதுதான் இழுக்கிறது என்று ஃப்ரிட்ஜை நிறுத்தினார், பால் திரிந்தது. மாடி வீட்டுக்காரர் நம் நெட்டைத் திருடுகிறார் என்று சண்டைக்கே போய்விட்டார். அந்த மனிதரிடம் இருப்பது ஒரு பட்டன் போன்! நான் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்த ஆத்திரத்தில், "நீங்க தொட்ட லிஃப்டெல்லாம் ஓடிச்சா, இல்ல ஜனங்க படியிலதான் ஏறினாங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

கடைசியில் பெரியவளே நெட் கம்பெனிக்குப் போன் போட்டாள். எடுத்த பெண் பொறுமையாகச் சொன்னாள்: "நெட் வர்றதுக்கு ஆறாம் வெர்ஷன்னு ஒரு புது வழி இருக்குங்க. உங்க பக்கம் அது இன்னும் சரியா வேலை செய்யல. உங்க கம்ப்யூட்டர் முதல்ல அந்தக் கதவைத் தட்டிட்டு நிக்குது. யாரும் திறக்கலைன்னதும்தான் பழைய நாலாம் வெர்ஷனுக்கு வருது. ஒவ்வொரு பக்கத்துக்கும் இதே கூத்துதான்."

"இப்ப என்ன செய்யணும்?"

"நெட்வொர்க் செட்டிங்ல வெர்ஷன் ஆறுக்கு ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துடுங்க. நாங்க சரி பண்ணதும் திரும்பப் போட்டுக்கலாம்."

எடுத்தாள். தட்டின கையை எடுப்பதற்குள் பக்கம் வந்து நின்றது. "அவ்வளவுதானா?" என்றார் அத்தான், கையில் திருப்புளியோடு. எனக்கே பாவமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை கதவுக்கு வெளியே மூச்சுவிடாமல் நின்றேன். வட்டமே வரவில்லை. மறுநாள் மதியம், "அம்மா, எடுத்துக்கிட்டாங்க!" என்று கத்தினாள். அத்தான் பால்கனிக்குப் போய்த் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், தூசியாம். நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, இத்தனை நாள் பாக்கி வைத்திருந்த மூச்சையெல்லாம் ஒன்றாக விட்டேன்.

இனி இந்த வீட்டில் நெட்டால் ஒரு தொல்லையும் இல்லை. நீயும் உன் மனைவியும் பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: இதை மெயிலில்தான் அனுப்ப இருந்தேன். ஆறை எடுத்ததற்கே இந்த வேகம் என்றால் நாலையும் எடுத்தால் என்ன வேகம் வரும் என்று உன் அத்தான் இன்று காலை அந்த டிக்கையும் எடுத்துவிட்டார். அதனால் தபாலில் வருகிறது. கிடைத்ததும் போன் பண்ணு. அவர் திருப்புளியைத் தேடிக்கொண்டிருக்கிறார்.